முதல் வாரத்தில் கதை கேட்பதில்லை

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மன ஆலோசனைக்கு ஆளைக் கூட்டி வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "கொஞ்சம் புத்தி சொல்லி அனுப்புங்க." மகன் குடிக்கிறான், மருமகள் யாரோடும் பேசுவதில்லை, விபத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் வண்டியைத் தொடுவதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, புத்தி. அதைச் சொல்ல ஊரில் ஆள் பஞ்சமா என்ன? தாய்மாமன் சொல்லியாயிற்று, பங்காளிகள் சொல்லியாயிற்று, ஊர்ப் பெரியவர் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியாயிற்று, டீக்கடையில் பெயர் தெரியாதவர்கூடச் சொல்லிவிட்டார். அத்தனை பேர் சொல்லியும் ஆகாததால்தான் இங்கே வருகிறார்கள். நாங்களும் அதையே செய்தால் கட்டணம் ஒன்றுதான் புதிது.

பெயரும் ஒத்துழைப்பதில்லை. 'ஆலோசனை' என்றால் யாரோ யோசனை சொல்லப்போகிறார்கள் என்று தோன்றும். 'கவுன்சிலிங்' என்றால் இன்ஜினியரிங் சீட்டு நினைவுக்கு வரும். நடப்பது இரண்டுமில்லை. பேரதிர்ச்சியானாலும், சாவுத் துக்கமானாலும், வீட்டுக்குள் உடைந்த உறவானாலும் வேலை ஒரே வரிசையில் போகிறது. முதலில் ஆள் பத்திரமாக இருக்கிறாரா, அடுத்து உடம்பு அடங்குகிறதா, அதற்கும் பிறகுதான் நடந்த கதை. இந்த வரிசை மாறினால் உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே காயத்தைக் கிளறுவோம்.

கதை ஏன் கடைசி என்று தெரிய ஒரு துக்க வீட்டை நினைத்துப் பாருங்கள். பந்தல் போட்ட வாசலில் பாயில் உட்கார்ந்திருப்பாள், கணவனைப் பறிகொடுத்தவள். ஒவ்வொரு ஊர்க் கூட்டமும் வேனிலிருந்து இறங்கியதும் அழுகை புதிதாகக் கிளம்பும். கொஞ்சம் அடங்கியதும் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள், "எப்படிம்மா ஆச்சு?" "காலையில டீ குடிச்சிட்டுத்தான் போனாரு, பத்தரைக்குப் போன் வந்துச்சு..." என்று ஆரம்பிப்பாள். மதியத்துக்குள் இருபது தடவை. சாயங்காலம் கவனித்தால் அதே சொற்கள், அதே இடத்தில் அதே நிறுத்தம். குரலில் ஏற்ற இறக்கம் போயிருக்கும், பார்வை எதிரே இருப்பவரைத் தாண்டி எங்கோ போயிருக்கும். "தைரியமாத்தான் இருக்கா" என்பார்கள் பக்கத்தில். தைரியம் எங்கே வந்தது? மனசு தாங்காமல் தள்ளிப்போய் நின்றுகொண்டிருக்கிறது. அடுத்த வாரம் எங்களிடம் வரும்போது நாங்களும் "முதல்ல இருந்து சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் நாங்கள் இருபத்தோராவது ஆள், அவ்வளவுதான்.

'எல்லாத்தையும் கொட்டிடு, மனசு லேசாயிடும்' என்பது ஊர் நம்பிக்கை மட்டுமில்லை, ஒரு காலத்தில் முறையான சிகிச்சையாகவே இருந்தது. விபத்தோ பேரிடரோ நடந்த சில நாளில் ஒரே அமர்வில் முழுவதையும் சொல்ல வைப்பார்கள். அது பிற்கால மனக்கோளாறைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கூடுதலாகவே கெடுத்தது என்று தெரிந்ததும் உலக சுகாதார நிறுவனம் அதைச் செய்ய வேண்டாம் என்றது. அதற்குப் பதிலாக 2011-இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவி முறை மூன்று சொல்லில் அடங்கும்: பார், கேள், இணை. இதில் 'கேள்' என்பது செவி கொடுப்பது. விசாரிப்பதில்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாகப் போனதால் பயிற்சி வகுப்பில் பாதி நேரம் இதை விளக்கவே போகும்.

அறையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கதவைப் பார்த்த நாற்காலி வருகிறவருக்கு. அதிர்ச்சி கண்டவர் முதுகுக்குப் பின்னால் கதவு இருந்தால் ஒரு மணி நேரமும் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார். கடிகாரம் இருவர் கண்ணிலும் படும் இடத்தில். ஃபேன் சத்தம் நல்லது, பேச்சு வெளியே போகாது. ஒருவர் போய் அடுத்தவர் வர 15 நிமிட இடைவெளி கட்டாயம். இந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம், மாடிப்படியில் சந்தித்துக்கொண்டால் சாயங்காலத்துக்குள் செய்தி இரண்டு ஊர் தாண்டிவிடும். வாரச்சந்தையிலோ கல்யாண மண்டபத்திலோ எங்களைப் பார்த்தால் நாங்களாக வணக்கம் சொல்லமாட்டோம், நீங்கள் பேசினால் பேசுவோம் என்று முதல் நாளே சொல்லிவிடுவது வழக்கம். சொல்லாமல் விட்டால், கண்டும் காணாமல் போனார்கள் என்று வருத்தப்படுவார்கள்.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு. அதையும் அவர் வாய் திறக்கும் முன்பே சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டில் ஒருவருக்குச் சொல்வோம். நீதிமன்றம் உத்தரவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், மறைப்பதே குற்றம். குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியாத இரண்டு மாவட்டங்கள் இவை. 17 வயதுப் பெண்ணைக் கல்யாணம் முடித்து, 'புகுந்த வீட்டில் அழுதுகொண்டே இருக்கிறாள்' என்று மாமியாரே கூட்டிவரலாம். பேசி முடித்த பிறகு சட்டத்தைச் சொன்னால் அது அந்தப் பெண்ணுக்கு இன்னொரு துரோகம்.

முதல் சந்திப்பு ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி ஆகும். மற்றவை 45 முதல் 50 நிமிடம். முதல் நாள் கேட்பது சாதாரணக் கேள்விகள்: தூக்கம் எத்தனை மணி நேரம், சோறு இறங்குகிறதா, என்ன மாத்திரை, குடி உண்டா, வீட்டில் யார் யார், விபத்து என்றால் தலையில் அடிபட்டதா. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எரிச்சல், மறதி, தலைவலி இவை மனசால் வந்ததாகவே இருக்க வேண்டியதில்லை, மூளைக் காயமாகவும் இருக்கலாம். அதைப் பேசிச் சரிசெய்ய முடியாது, டாக்டர் பார்க்க வேண்டும். "வீட்டுல என்ன பாஷை பேசுவீங்க?" என்பதும் கேட்டாக வேண்டிய கேள்வி. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகள் நிறைய. வெளியே நன்றாகத் தமிழ் பேசுகிறவருக்கும் அழுகை வருவது அம்மாவோடு பேசிய பாஷையில்தான். நமக்குப் புரியாவிட்டாலும் அந்த இடத்தை அந்தப் பாஷையிலேயே சொல்லவிட்டு, பிறகு தமிழில் கேட்டுக்கொள்ளலாம். கூட வந்த பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது மட்டும் கூடவே கூடாது.

மனச்சோர்வை அளக்க 'பி.எச்.க்யூ. 9' என்ற ஒன்பது கேள்வித் தாள் உதவும். 0 முதல் 27 வரை மதிப்பெண், 10-ஐத் தொட்டாலே கவனம். ஒன்பதாவது கேள்வி சாவு எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் தாளை ஓரம் வைத்துவிட்டு நேராகப் பேச வேண்டும். இங்கேதான் நம் இங்கிதம் குறுக்கே வருகிறது. "தப்பான முடிவு எதுவும் எடுக்கமாட்டீங்கல்ல?" என்று கேட்டால் "இல்லைங்க" என்பதுதான் பதிலாக வரும், ஏனென்றால் பதிலைக் கேள்வியிலேயே ஊட்டிவிட்டோம். கேட்க வேண்டியது இப்படி: "செத்துப்போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா? இன்னைக்கு எப்படி இருக்கு?" கேட்பதால் எண்ணம் முளைக்காது. பெரும்பாலும் கேட்டவுடன் தோள் இறங்கும், மூச்சு வெளியே வரும்.

ஆமாம் என்றால் அன்றைக்கே வீட்டாரிடம் கேட்பது பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று. விவசாய வீட்டில் தொழுவத்திலோ எரவாணத்திலோ மீந்துபோன மருந்து இருக்கும். அதை அன்று மாலைக்குள் அப்புறப்படுத்தி, பூட்டு உள்ள வேறு வீட்டில் வைக்கச் சொல்கிறோம். இனி தெளிக்கிற அன்று தேவையான அளவு மட்டும் வாங்கினால் போதும். அந்தக் கொந்தளிப்பு பல நேரம் சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் தணிந்துவிடக் கூடியது. அந்த நேரத்தில் கைக்கெட்டாத தூரமே உயிரைக் காக்கும். மீறி யாராவது எதையாவது குடித்துவிட்டால், "நல்லாத்தான் இருக்கான், மோர் கொடுத்தோம்" என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு உடனே. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில்தான் பலர் தாமதிக்கிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்கும். அதைக் கண்டு மிரள வேண்டாம்.

அடுத்தது உடம்பு. மூச்சுப் பயிற்சி என்றதும் எல்லோரும் பெரிதாக இழுக்கிறார்கள். இழுக்க இழுக்கத் தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், "இது நமக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுவார்கள். விஷயம் இழுப்பதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. 4 எண்ணும் வரை மெல்ல உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே, 5 நிமிடம், காலை ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை. படபடப்பு வந்த பிறகு முதன்முதலாகச் செய்து பார்த்தால் பலிக்காது. கிணற்றில் விழுந்த பிறகு நீச்சல் பழக முடியுமா? கண்ணை மூடினால் விபத்துக் காட்சி வருகிறவர்கள் கண்ணைத் திறந்து சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கட்டும். காட்சி வந்து பிடித்துக்கொண்டால் இருக்கிற இடத்துக்கு மனதை இழுத்து வர வேண்டும்: கண்ணில் படும் 5 பொருள், கையால் தொடும் 4, காதில் விழும் 3, முகர 2, சுவைக்க 1. வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மனதுக்குள் சொன்னால் பாதியிலேயே நழுவும். வெறுங்காலைத் தரையில் அழுத்தி, சொம்புத் தண்ணீரைக் கையில் பிடித்திருந்தால் இன்னும் சுலபம்.

கெட்ட கனவுக்கும் வழி இருக்கிறது. திரும்பத் திரும்ப வருகிற கனவின் முடிவைப் பகலில் மாற்றி எழுதி, புதிய முடிவோடு தினம் 10 முதல் 20 நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. முடிவு நம்பும்படி இருக்க வேண்டிய அவசியமே இல்லை, எதிரே வரும் லாரி பலூனாகப் பறந்து போகலாம்.

தூக்கத்துக்காகக் குடிக்கிறவர்கள் தனி ரகம். குவார்ட்டர் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும், எழுந்த நேரத்தில் காட்சிகள் வரும், அதற்கு இன்னொரு குவார்ட்டர். ஆனால் தினமும் அதிகம் குடிப்பவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்வதும் ஆபத்து. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் வரலாம், உயிரே போகலாம். கார்த்திகையில் மாலை போட வைத்தால் விட்டுவிடுவான் என்று குடும்பம் நம்பும். பக்தி சரிதான், ஆனால் அவர் பழைய குடிகாரர் என்றால் மாலை போடும் முன் டாக்டரைப் பார்த்து, அந்த முதல் வாரத்தை மருந்தோடு கடக்க வேண்டும்.

நடந்து ஒரு மாதம் ஆகும் வரை எந்தப் பெயரும் வைப்பதில்லை. திடுக்கிடுதல், தூக்கமின்மை, அந்த ரோட்டைத் தவிர்த்தல் எல்லாம் முதல் வாரங்களில் இயல்பு, பெரும்பாலோருக்கு அவையாகவே அடங்கிவிடும். 'பயந்த கோளாறு' என்று தர்காவில் ஓதிய தண்ணீரோ, கோயிலில் மந்திரித்த கயிறோ வாங்கி வந்தால் நாங்கள் மறுப்பதில்லை. யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்பதே பாதி மருந்து. அடிப்பது, கட்டிப்போடுவது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது என்று போனால் மட்டும் தடுப்போம். ஒரு மாதம் தாண்டியும் காட்சிகள் வருவதும், தவிர்ப்பதும், மனசு மரத்துப்போவதும், சதா உஷாராகவே இருப்பதும் சேர்ந்து வேலையையும் வீட்டையும் கெடுத்தால்தான் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய் என்ற பேச்சு. அப்போதுதான் கதைக்கான நேரமும் வருகிறது.

தொப்பூர் கணவாயில் லாரி மோதித் தப்பித்தவர் என்று வைத்துக்கொள்வோம். தருமபுரியில் வீடு, சேலத்தில் வேலை, மூன்று மாதமாக வேலைக்குப் போகவில்லை. முதலில் பயத்துக்கு விலை வைக்கச் சொல்வோம். நூறு ரூபாய் என்றால் தாங்கவே முடியாத பயம். செல்போனில் கணவாய் ரோட்டின் படத்தைப் பார்ப்பது 30 ரூபாய். தருமபுரி பேருந்து நிலையத்தில் சேலம் பஸ் நிற்கும் இடத்தில் அரை மணி நேரம் நிற்பது 40. பஸ்ஸில் அதியமான்கோட்டை வரை போய் இறங்குவது 45. நல்லம்பள்ளி 55. பாளையம்புதூர் சுங்கச்சாவடி 70. பகலில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து கணவாய் இறங்குவது 85. அவரே வண்டி ஓட்டிக்கொண்டு இறங்குவது 100. கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏறுகிறோம். ஒரு படியில் பயம் பாதியாகக் குறையும் வரை அங்கேயே இருக்க வேண்டும். 55-இல் ஆரம்பித்தது 25-க்கு வந்த பிறகு திரும்பலாம். அதே படியை வாரத்தில் மூன்று நான்கு முறை செய்து, ஆரம்ப விலையே 20-க்கு வந்துவிட்டால் அடுத்த படி.

கெட்டுப்போவது எங்கே என்றால், பயம் உச்சத்தில் இருக்கும்போது பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிடுவது. "இறங்கினதாலதான் தப்பிச்சேன்" என்று உடம்பு கற்றுக்கொள்ளும், அடுத்த முறை அதே படி 80 ஆகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் சிரிக்க வைக்கும் நண்பரும் கெடுப்பவர்தான், பயம் வரவே விடாமல் வைத்தால் அது குறைவதை எப்படிப் பார்ப்பது? கூடவே அந்த நாளின் கதையை அறையில் நிகழ்காலத்தில் சொல்ல வைப்போம், "இப்ப பிரேக் சத்தம் கேக்குது" என்று. இப்போது சொல்வதும் துக்க வீட்டில் சொன்னதும் வேறு வேறு. நிறுத்தும் அதிகாரம் இங்கே சொல்பவர் கையில் இருக்கிறது, உடம்பை அடக்கத் தெரிந்திருக்கிறது, எங்கே வேகமாகத் தாண்டிப் போகிறார் என்று கவனிக்க ஓர் ஆள் இருக்கிறார். அந்தத் தாண்டிப் போகிற இடத்தில்தான் பெரும்பாலும் குற்றவுணர்ச்சி உட்கார்ந்திருக்கும். "நான்தான் அன்னைக்கு அந்த வழியில போகலாம்னு சொன்னேன்." 8 முதல் 15 அமர்வு பிடிக்கும்.

துக்கம் வேறு. அது நோயில்லை, அதை 'குணப்படுத்த' யாரும் வரவில்லை. ஐந்து கட்டம் என்று ஒன்று இணையமெல்லாம் சுற்றுகிறது: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. 1969-இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அதை எழுதியது சாகப்போகிற நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. இருப்பவர்கள் அதை வகுப்பு வகுப்பாகப் பாஸ் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பதால் "எனக்குக் கோபமே வரலையே, நான் சரியா துக்கப்படலையோ" என்று புதுக் கவலை ஒன்று சேர்கிறது. 1999-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹென்க் ஷூட்டும் சொன்னது நம் வீடுகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. துக்கம் ஊஞ்சல் மாதிரி. ஒரு நேரம் இழப்பின் பக்கம் போகும், ஒரு நேரம் பிழைப்பின் பக்கம் வரும். காலையில் அழுதவள் மதியம் மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு சீரியல் பார்த்துச் சிரித்தால் அவள் மறந்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. ஊஞ்சல் ஒரு பக்கமே மாட்டிக்கொண்டால்தான் சிக்கல்.

நம் சடங்குகள் இந்த ஊஞ்சலுக்குக் கயிறு கட்டித் தந்தவை. ஒப்பாரிக்கு ராகம் உண்டு, முடிவு உண்டு. ஒருத்தி எடுத்துக் கொடுக்க இன்னொருத்தி வாங்கிப் பாடுவாள், செத்தவரைத் திட்டக்கூட அதில் இடம் இருக்கும். இப்போது ஸ்பீக்கரில் பதிவுசெய்த ஒப்பாரி ஓடுகிறது, அழ வேண்டியவள் வாய் மூடி உட்கார்ந்திருக்கிறாள். நல்லதாகத் தெரியவில்லை. ஆண்களுக்கு அந்த வாய்ப்பும் கிடையாது. பந்தல், வேன், சாப்பாடு என்று ஓடிவிட்டு, காரியம் முடிந்து மூன்றாம் மாதம் நெஞ்சு வலிக்கிறது என்று ஈசிஜி எடுக்கப் போவார்கள். 16-ஆம் நாளோடு கூட்டம் கலைந்துவிடுகிறது, தனிமை 17-ஆம் நாள் ஆரம்பிக்கிறது. உறவினர் யாராவது உதவ நினைத்தால் 17-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு நாள், குறித்த கிழமையில், ஒரு மணி நேரம் போய் உட்காரட்டும். "ஏதாவது வேணும்னா கூப்பிடு" என்றால் யாரும் கூப்பிடுவதில்லை.

இன்னொன்று காகிதம். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். வாரிசுச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், வங்கிக் கணக்கு, விபத்து என்றால் முதல் தகவல் அறிக்கை நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை. மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுவுக்குச் சட்டத்தில் 6 மாதம் என்று கெடு இருக்கிறது, வழக்கறிஞரைத் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கவுன்டரிலும் "எப்படி இறந்தார்?" என்று மறுபடி கேட்பார்கள். அதனால் ஒரு தாளில் பெயர், தேதி, காரணம் எழுதி வைத்து நீட்டிவிடச் சொல்கிறோம். ஒரு வாரத்தில் ஓர் அலுவலகம் போதும், கூட ஓர் ஆள் போகட்டும். இது மனநல வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. இதைச் செய்யாத துக்க ஆலோசனை எங்கள் கணக்கில் அரைகுறை.

பிள்ளைகளிடம் "அப்பா தூங்குறாரு", "ஊருக்குப் போயிருக்காரு" என்று சொல்லவே கூடாது. முதலாவதைக் கேட்ட குழந்தை ராத்திரி தூங்கப் பயப்படும், அம்மா தூங்கினால் எழுப்பும். இரண்டாவதைக் கேட்டது தினமும் வாசலில் நிற்கும். "அப்பா செத்துட்டாரு. அவரு உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. இனி வரமாட்டாரு. உன்னால இல்லை." இந்த நாலு வாக்கியம் போதும், கடைசி வாக்கியம் கேட்காமலே சொல்ல வேண்டியது. ஐந்து வயதுக்குக் கீழே சாவு நிரந்தரம் என்பது பிடிபடாது. "நாளைக்கு வருவாரா" என்று நூறு முறை கேட்டால் நூறு முறையும் அதே பதிலை அதே சொற்களில் சொல்லுங்கள். தற்கொலையில் இழந்த வீடுகளில் உண்மையை ஒளிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் வேறு யாராவது சொல்வதற்கு முன் வீட்டில் இருந்தே தெரிய வேண்டும்.

எப்போது சிகிச்சை தேவை? ஏக்கமும் வலியும் முதல் நாள் போலவே நின்று, ஆள் அன்றாட வாழ்வுக்குத் திரும்பவே முடியாமல் இருந்தால். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இதற்கு 6 மாதம் வைக்கிறது. 2022-இல் அமெரிக்க மனநலக் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்றது. நம் ஊரில் முதல் திதி வரை பொறுப்பது வழக்கம், அது இரண்டாவது கணக்கோடு ஒத்துப்போகிறது. ஆனால் சாப்பிடாமல், "நானும் போறேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பவருக்கு எந்த மாதக் கணக்கும் கிடையாது, அன்றைக்கே கூட்டிவர வேண்டும்.

கணவன் மனைவி விவகாரத்துக்கு ஞாயிற்றுக்கிழமைதான் இடம் கிடைக்காது. பெங்களூருவில் கட்டட வேலைக்கோ கம்பெனிக்கோ போனவர் சனிக்கிழமை ராத்திரி வருவார், திங்கள் விடிகாலை கிளம்புவார். ஆறு நாள் சண்டை அத்தனையும் அந்த ஒன்றரை நாளில் நடக்கும். வந்ததும் பஞ்சாயத்து மாதிரி இரு தரப்பும் உட்கார்ந்து யார் தப்பு என்று தீர்ப்புக் கேட்பார்கள், சில சமயம் பின்னால் இரண்டு பக்கத்து மாமன்மார்களும் நிற்பார்கள். அவர்களை டீ குடிக்க அனுப்பிவிடுவது முதல் வேலை. ஒரு முறை இருவரும் சேர்ந்து, பிறகு ஆளுக்கொரு முறை தனியாக, நான்காவது மறுபடி சேர்ந்து. தனியாகப் பார்ப்பதற்கு ஒரே முக்கியக் காரணம், அடி உண்டா என்று கேட்க. அடியும் மிரட்டலும் இருந்தால் சேர்ந்து உட்காரும் ஆலோசனை கிடையாது. அறையில் அவள் வாய் திறந்து சொன்னதற்கு வீட்டில் வாங்குவாள். அங்கே வேலை வேறு: பெண்கள் உதவி எண் 181, மாவட்டத்தில் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையம், 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலர், ஆதார் நகலும் கொஞ்சம் பணமும் வைத்த ஒரு பை பக்கத்து வீட்டில்.

அடி இல்லாத சண்டைக்கு ஒரு விதி சொல்வோம். நெஞ்சு படபடத்து நாடி நூறைத் தாண்டினால் காதில் எதுவும் ஏறாது, ஆகவே நிறுத்த வேண்டும். குறைந்தது 20 நிமிடம். ஆனால் "போடி" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போவது நிறுத்துவது ஆகாது. "எட்டரைக்கு வந்து பேசறேன்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போய், எட்டரைக்கு வர வேண்டும். அந்த 20 நிமிடத்தில் மனதுக்குள் வசனம் எழுதிக்கொண்டிருந்தால் நாடி இறங்காது, மாட்டைக் கட்டுங்கள், தண்ணீர் பிடியுங்கள். கணவன் மனைவி சண்டையைப் பல ஆண்டு ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், உறவை அரிப்பதில் முதலிடம் இளக்காரத்துக்கு என்கிறார். நம் வீடுகளில் அது கத்தலாக வராது. பிறந்த வீட்டைப் பற்றிய ஒரு சின்னச் சிரிப்பு, "அவங்க வழக்கம் அப்படி" என்று பிள்ளைகளிடம் சொல்லும் ஒரு வரி. கத்தியது அடுத்த நாளே மறந்துபோகும், இந்தச் சிரிப்பு பத்து வருஷம் கழித்தும் வார்த்தை மாறாமல் அறையில் திரும்ப வரும்.

யாரிடம் போவது? போர்டு மாட்டியவர் எல்லோரும் படித்தவர் இல்லை. என்ன படிப்பு, யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள், எப்போது டாக்டரிடம் அனுப்புவீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கும். மாத்திரை எழுத மருத்துவருக்கு மட்டுமே உரிமை. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், "மூணு நாள் போட்டேன் ஒண்ணும் ஆகலை" என்று நிறுத்தக் கூடாது. காசில்லை என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வடக்கே இருப்பவர்கள் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கும் போகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பேச ஆள் வேண்டும் என்றால் 14416. 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

ஆலோசனையை முடிக்கும் விதமும் சொல்லியாக வேண்டும், அதைத்தான் பலரும் சொதப்புகிறார்கள். நன்றாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்தினால் அடுத்த சரிவில் திரும்பி வர வெட்கப்படுவார்கள். வாரம் ஒன்றை இரு வாரத்துக்கு ஒன்றாக்கி, பிறகு மாதம் ஒன்றாக்கி விடுகிறோம். கடைசிச் சந்திப்பில் வரப்போகும் கடினமான நாட்களைத் தாளில் எழுதுவோம்: கல்யாண நாள், பிறந்த நாள், முதல் பொங்கல், குடும்பத்தோடு ஒகேனக்கல் போய்க்கொண்டிருந்த ஆடிப்பெருக்கு. இறந்த நாளுக்கு இரண்டு தேதி எழுத வேண்டும். போன் வந்த ஆங்கிலத் தேதி ஒன்று. திதி பஞ்சாங்கப்படி ஆண்டுக்கு ஆண்டு மாறும், அது இன்னொன்று. வீட்டார் திதிக்கு எல்லா ஏற்பாடும் செய்து அவளைச் சுற்றி இருப்பார்கள், ஆங்கிலத் தேதி யார் நினைவிலும் இருக்காது. அன்று காலை பத்தரைக்கு அவள் தனியாக இருப்பாள். அடுத்த சந்திப்பை அந்தத் தேதிக்கு முந்தின வாரத்தில் குறித்துச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம்.